துளை விழாத வீடு

நரிமுனையில் முதல் துளை பிலோமின் வீட்டு மேற்குச் சுவரில் விழுந்தது. காற்றும் மழையும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அது. பிலோமின் பல் விளக்கிக்கொண்டே கொல்லைப் பக்கம் வந்து பார்த்தாள், மிளகு நுழையும் அளவில் அழகாக ஒரு துளை இருந்தது, அதற்குக் கீழே ஈரம் காயாத ஒரு தடம் சுவரிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்து கடல்வரைக்கும் போயிருந்தது. அவளுக்கு ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை. அந்த ஊரில் யாருக்கும் ஏற்படவில்லை, ஏனென்றால் பிறந்ததிலிருந்து அந்தத் துளையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள், இதுவரை மட்டிச் சிப்பியின் ஓட்டில் பார்த்ததை இன்றைக்குச் சுவரில் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கடலில் ஒரு சின்ன நத்தை உண்டு. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஓடு சாம்பல் நிறத்தில் வரிவரியாகச் சொரசொரப்பாக இருக்கும், கவிழ்த்துப் பார்த்தால் வாய்ப்பக்கம் மட்டும் நாவல்பழம் தின்ற பிள்ளையின் வாய் மாதிரி ஊதாவாக இருக்கும். பார்த்தால் பரம சாது. ஆனால் அது மணலுக்குள் புதைந்து கிடக்கும் மட்டியைத் தேடிப் போய், மேலே ஏறி உட்கார்ந்து, அரம் போன்ற தன் நாக்கால் பகலும் இரவும் உரசி, ஓட்டில் ஒரு துளை போட்டு, அதன் வழியாகத் துதிக்கையை விட்டு உள்ளே இருக்கும் மெத்தென்ற உயிரை முழுக்கத் தின்றுவிட்டு, ஓட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போகும். ஊர்க்காரர்கள் அதைத் துளைப்பான் என்பார்கள். அது போடும் துளை வெளியே அகலமாகவும் உள்ளே போகப் போகச் சின்னதாகவும், எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி இருக்கும்.

நரிமுனைப் பெண்களுக்கு அந்தத் துளைப்பானைவிட உற்ற தோழி வேறு கிடையாது. அவர்கள் கடற்கரையில் ஒதுங்கும் மட்டி ஓடுகளைப் பொறுக்கி வந்து, நைலான் நூலில் கோத்து, வாசலுக்குத் தொங்கவிடும் திரையாகவும் மாலையாகவும் செய்து சுற்றுலா ஊர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர்கள். மிஷினில் துளை போட்டால் மட்டி பாதி உடைந்துபோகும், தூசி மூக்கில் ஏறும்; துளைப்பான் தின்றுவிட்டுப் போன மட்டியோ அப்படியே கோக்கத் தயாராக இருக்கும். அதனால் துளை என்றால் உள்ளே இருந்தது போய்விட்டது என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றாது. துளை என்றால் அவர்களுக்கு நூல் நுழையும் இடம்.

"துளைப்பான்தான்," என்றார் வஸ்தியான். அவர் ஊர்க் கமிட்டித் தலைவர். எதையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் பேசுவார், அவர் பேசிய பிறகு மற்றவர்கள் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது. சுண்டுவிரல் நுனியைத் துளையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். "வெளிய அகலம், உள்ள சின்னது. மிஷின் போட்டா இப்படி வராது."

"மட்டின்னு நெனச்சு ஏறியிருக்கும்ணே," என்றாள் பிலோமின்.

"நெனைக்காம என்ன செய்யும்ளா. மட்டியும் சுண்ணாம்பு, நம்ம வீடும் மட்டியச் சுட்டு அரைச்ச சுண்ணாம்பு. இத்தன காலமா வராம இருந்துச்சு பாரு, அதுதான் அதிசயம்."

கோத்துப் பழகிய கை துளையைக் கண்டால் சும்மா இருக்குமா? அன்றைக்கு மத்தியானமே பிலோமின் ஒரு நைலான் நூலை எடுத்துச் சுவர்த்துளையில் விட்டு உள்ளே ஒரு முடிச்சுப் போட்டாள். எதற்கு என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. மறுநாள் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் துளை விழுந்தது, நூலின் மறுமுனை அந்த வீட்டுக்குப் போனது. அதற்கடுத்து இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. கடல் வற்றிக் கிடக்கும் உச்சி வேளையில் துளைப்பான்கள் ஒவ்வொன்றாகக் கரையேறி, மணலைத் தாண்டி, தார்ச் சாலையைத் தாண்டி, யாரிடமும் வழி கேட்காமல் தங்களுக்கு உரிய வீட்டுக்குப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டன. கமிட்டி கூடிப் பேசி, யாரும் அவற்றை மிதிக்கக் கூடாது, உப்புப் போடக் கூடாது, தார் கொதிக்கும் நேரத்தில் தெருவில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தது. மினி பஸ் டிரைவர்கூட நத்தை கடக்கும்வரை இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் பழகிக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, துளைப்பான் எந்த வீட்டையும் சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை, ஏதாவது ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துக்கொண்டுதான் போனது. பிலோமின் வீட்டில் அதற்குப் பிறகு யாருக்கும் கொட்டாவி வரவில்லை. வஸ்தியான் வீட்டில் கனவு நின்றுபோனது. வடக்குத் தெருவில் ஒரு வீட்டில், செத்துப்போன தகப்பனின் சட்டையில் ஒட்டியிருந்த சுருட்டு வாசனை காணாமல் போனது, அந்தச் சட்டையை முகர்ந்து முகர்ந்து ஒரு நாள் முழுக்க அழுதார்கள், மறுநாள் அதே சட்டையைக் கிழித்துத் தோணி துடைக்க வைத்துக்கொண்டார்கள். "எடுத்துட்டுப் போனா போகட்டும், நூல் கெடச்சுதுல்லா," என்பதுதான் ஊர்ப் பேச்சாக இருந்தது.

ஏனென்றால் அந்த நூல் அதற்குள் ஊருக்கு இன்றியமையாததாகிவிட்டது. இரண்டு இழுப்பு இழுத்தால் தண்ணீர் லாரி வந்திருக்கிறது. மூன்று இழுத்தால் படகு கரை தட்டிவிட்டது. விடாமல் இழுத்தால் யாருக்கோ முடியவில்லை, ஓடி வா. பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வரும்போது நூலைப் பிடித்துக்கொண்டே வீடு வீடாகப் போனார். இவை போக இன்னொரு இழுப்பும் இருந்தது. வேலையெல்லாம் முடிந்து சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் சும்மா ஒரு தடவை நூலை இழுப்பார். ஊரில் எங்கோ இன்னொருவர் சும்மா ஒரு தடவை திருப்பி இழுப்பார். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது.

அர்த்தம் இல்லாத அந்த ஒற்றை இழுப்புக்காகத்தான் சலேத் ஏங்கினாள். பிலோமின் வீட்டுக்கும் வஸ்தியான் வீட்டுக்கும் நடுவில் இருந்தது அவள் வீடு. இடப்பக்கம் துளை விழுந்தது, வலப்பக்கம் துளை விழுந்தது, எதிர்ச்சாரி முழுக்க விழுந்தது, அவள் சுவரில் மட்டும் விழவில்லை. பிலோமின் வீட்டிலிருந்து வந்த நூல் அவள் வீட்டருகே ஒரு மூங்கில் கழியில் ஏறி, அவள் கூரைக்கு மேலே கடந்து, அந்தப் பக்கம் இறங்கி வஸ்தியான் வீட்டுக்குள் போனது. அவள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பாள், எட்டாத உயரத்தில் அது அதிர்ந்துகொண்டிருக்கும்.

அவள் கணவன் இஞ்ஞாசி நெஞ்சுவலியில் போய்க் கோயிலில் இரண்டு வருடப் பெருவிழா கழிந்திருந்தது. பிள்ளை இல்லை. ஊரில் யாருக்கும் அவள்மேல் கோபம் கிடையாது, சண்டை கிடையாது. சண்டை போடுவதற்காவது இரண்டு வார்த்தை பேச வேண்டும், அவளிடம் யாருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. இஞ்ஞாசி போன புதிதில் அவள் அடுக்களையில் ஒரு கரண்டியைக் கீழே வைத்தால்கூட அந்தச் சத்தம் அடுத்த அறையில் அவன் இருப்பது போலக் கேட்டுவிடும், திரும்பிப் பார்த்து ஏமாந்துபோவாள். அந்த ஏமாற்றத்துக்குப் பயந்து அவள் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகினாள், கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகினாள், இருமல் வந்தால் முந்தானையில் இருமினாள். பழகப் பழக அவள் வீடு மணலுக்குள் அசையாமல் கிடக்கும் மட்டி மாதிரி ஆகிவிட்டது. அசையாத மட்டியைத் துளைப்பான் கண்டுபிடிப்பதில்லை. அதற்குக் கண் சரியாகத் தெரியாது, அதிர்வைக் கொண்டுதான் அது தேடும்.

"அந்த வீட்டுக்கு ஏன் போகமாட்டேங்குது?" என்று யாரோ கமிட்டியில் கேட்டார்கள்.

"உசுரு இருக்குற மட்டியத்தானே துளைப்பான் தொடும்," என்றாள் பிலோமின். குறையாகச் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள். "வெறும் ஓட்டுல அது எதுக்கு ஏறுது?"

சலேத் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், எல்லோரும் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள், அவள் எதையாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நரிமுனையில் அன்றைக்கு ஊர் வாய் தானாகவே மூடிக்கொண்டது, அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. அன்றுமுதல் தண்ணீர் லாரிக்கு அவள் குடம் வரிசையில் இருந்தால் பின்னால் வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் ஒரு காரியம் செய்து பார்த்தாள். பரணிலிருந்து மட்டி துளைக்கும் சின்ன மிஷினை இறக்கி, சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அதன்மேல் சாக்கைப் போர்த்தி, தன் வீட்டுச் சுவரில் தானே ஒரு துளை போட்டாள். வெளியே வந்து நின்றுகொண்டு, பிலோமினைக் கூப்பிட்டாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பிலோமின் வந்தாள், வஸ்தியான் வந்தார், இன்னும் நாலு பேர் வந்தார்கள். வஸ்தியான் சுண்டுவிரலை வைத்துச் சுற்றினார். பிறந்ததிலிருந்து இரண்டு வகைத் துளையையும் தனித்தனியாகக் குவித்துப் பழகிய ஊர் அது, அங்கே போய் அவள் இதைச் செய்திருக்கிறாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் பிலோமின் விரலால் சொல்லிவிடுவாள்.

"வெளியும் உள்ளும் ஒரே அளவு," என்றார் வஸ்தியான்.

"மிஷின் துளை," என்றாள் பிலோமின். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "யாரு வந்து போட்டிருப்பா? ஆளில்லாத வீட்டுல கண்ட பயலுவளும் நொழைஞ்சு வெளாடுதானுவ," என்றாள். சலேத் அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பிலோமின் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை, அவள் கண் சலேத்தின் மேல் பட்டு அந்தப் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். வஸ்தியான் ஒரு கை சுண்ணாம்பைக் கொண்டுவரச் சொல்லி அந்தத் துளையை அடைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. ஆளில்லாத வீடு சும்மா கிடக்கிறது என்று சிலர் பழைய வலைகளைக் கொண்டுவந்து அவள் முன்னறையில் போட்டார்கள், யாரோ ஓர் ஆட்டைக் கட்டினார்கள், அவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். இரண்டு வாலிபர்கள் வாசலில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்கச் சீட்டாடினார்கள், அவள் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து யார் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு அவளுக்கு அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதாள்.

இதற்கிடையில் ஊரில் ஒரு வழக்கு வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பொதுவான வீடு ஒன்றில், அண்ணன் கேரளாவுக்கு மீன்பிடிக்கவும் அவன் பெண்டாட்டி தாய்வீட்டுக்கும் போயிருந்த நேரத்தில் துளை விழுந்துவிட்டது. கமிட்டி யோசித்து, துளை விழும்போது உள்ளே யார் இருந்தார்களோ அவர்கள்தான் அந்த வீட்டு ஆட்கள், துளைப்பான் அவர்களைத்தான் தேடி வந்தது, மற்றவர்களுக்கு அங்கே பாத்தியதை இல்லை என்று தீர்த்துச் சொன்னது. அண்ணன் தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனான். சட்டம் நல்ல சட்டம்தான், அதனால் நன்மை அடைந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த ஆவணியில் லீபன்ஸ் கல்யாணம் முடித்தான். அவன் வீட்டில் ஏற்கெனவே மூன்று அண்ணன்களும் அவர்கள் குடும்பங்களும் இருந்ததால், அவனும் அவன் மனைவி ஜெனோவாவும் வலை போடும் கொட்டகையில்தான் படுக்க வேண்டியிருந்தது. வஸ்தியான் அவனைக் கூப்பிட்டு, "நூல் போகாத வீடு ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு, போய் இருங்க. துளை விழுந்துச்சுன்னா வீடு உங்களுது," என்றார்.

ஒரு காலை நேரத்தில் அவர்கள் டிரங்குப் பெட்டி, கட்டில், மிக்ஸி, ஒரு மாதா படம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முன்னறையில் கிடந்த வலைகளையும் ஆட்டையும் உரியவர்கள் முந்தின நாளே எடுத்துப் போயிருந்தார்கள், போகும்போது கதவைப் பூட்டியிருப்பார்கள் என்று லீபன்ஸ் கடப்பாரை கொண்டுவந்திருந்தான். சலேத் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"தொறந்துதான் கெடக்கு," என்றான் லீபன்ஸ்.

"எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்களேன்," என்றாள் ஜெனோவா, அடுக்களையை எட்டிப் பார்த்து. சலேத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவள் ஒதுங்கி நின்று கட்டில் உள்ளே போக வழிவிட்டாள்.

ஜெனோவா சத்தத்தையே சீதனமாகக் கொண்டுவந்தவள் மாதிரி இருந்தாள். நடந்தால் கொலுசு, உட்கார்ந்தால் பாட்டு, அடுக்களைக்குள் போனால் போர்க்களம்; தட்டு விழும், மூடி உருளும், மிக்ஸி கத்தும், அதற்கு மேல் அவள் கத்துவாள். லீபன்ஸ் குளித்த ஈரத்தோடு வீட்டுக்குள் நடந்தான் என்று ஒரு சண்டை, நடக்கவில்லை என்று அவன் சாதித்ததற்காக இன்னொரு சண்டை. சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் சிரிப்பார்கள், மூன்றாவதாகச் சலேத்தும் சுவரோரம் உட்கார்ந்து சிரிப்பாள். அவளுக்குச் சிரிப்புச் சத்தம் வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது, முதல் தடவை அது தும்மல் மாதிரி வந்தது.

ஜெனோவாவுக்குச் சோற்று அளவு பிடிபடவில்லை. இரண்டு பேருக்கு உலை வைத்தால் மூன்று பேருக்கு வந்து நின்றது. "என் கைக்கு அளவே தெரியமாட்டேங்குது," என்று சலித்துக்கொண்டு மிச்சத்தை மூடிவைத்துவிட்டுப் போவாள், சலேத் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பாள். மறுநாளும் அளவு தெரியாது. தலை சீவும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "எண்ணெய எங்க வச்சேன்?" என்று கேட்பாள், சலேத் எண்ணெய்ப் புட்டியைக் கைக்கு எட்டும் இடத்தில் நகர்த்தி வைப்பாள், ஜெனோவா பார்க்காமலே கையை நீட்டி எடுத்துக்கொள்வாள். இருக்கிறாள் என்று தெரிந்து நீட்டினாளா, தெரியாமல் நீட்டினாளா என்று சலேத் ஆராயப் போகவில்லை. கிடைத்ததைக் கிளறிப் பார்த்துக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

லீபன்ஸ் தினமும் காலையில் சுவரைச் சுற்றிவந்து பார்ப்பான். அப்போது வாடைக் காற்று கிளம்பிக் கடல் கலங்கிக் கிடந்தது, துளைப்பான்கள் எதுவும் கரையேறவில்லை. "காத்து அடங்கட்டும்," என்பார் வஸ்தியான். காற்று அடங்கிக் கடல் தெளிந்த வாரத்தில் ஜெனோவாவின் அம்மா ஊரில் மாதா கோயில் திருநாள் வந்தது, கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் திருநாள், போகாமல் இருக்க முடியாது. இரண்டு பேரும் புதுத்துணி உடுத்திக்கொண்டு மினி பஸ்ஸில் ஏறிப் போனார்கள், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

கதவு சாத்தியதும் வீடு பழையபடி ஆகிவிட்டது. சலேத் இந்த வீட்டில்தான் இத்தனை காலம் தனியாக இருந்தாள், ஆனால் அப்போது அவளுக்கு இது இவ்வளவு பெரிய வீடாகத் தெரியவில்லை. காது அடைத்தது. அவள் எழுந்துபோய் அடுக்களையில் ஒரு தட்டை எடுத்து, கொஞ்சம் யோசித்து, கீழே போட்டாள். அது சுழன்று சுழன்று அடங்கியது. ஒரு மூடியை உருட்டிவிட்டாள். மிக்ஸியைப் போட்டு வெறுமனே ஓடவிட்டாள். பிறகு கொல்லைக் கதவைப் பார்த்து, "ஈரக்காலோட நடக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லுறது," என்று ஜெனோவா மாதிரியே ஒரு அதட்டுப் போட்டாள், போட்ட பிறகு அவளுக்கே சிரிப்பு வந்து, வாய்விட்டுச் சிரித்து, சிரிப்பு முடிந்த இடத்தில் அழுகை வந்து, அதையும் வாய்விட்டே அழுதாள். அப்படியே ஒரு நாள் போயிற்று.

மறுநாள் உச்சி வேளையில் அவள் சாய்ந்திருந்த சுவரில் அந்தச் சத்தம் கேட்டது. சந்தனக்கல்லில் சந்தனம் உரைப்பது மாதிரி மெதுவாக, விட்டு விட்டு, விடாமல். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். என்ன, கும்பிட்டு முடித்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்ட பிறகு வந்திருக்கிறது. அவள் அசையவில்லை. அன்றைக்கு முழுக்கவும், அதற்கடுத்த காலை முழுக்கவும், முதுகைச் சுவரில் வைத்தபடி அந்த நாக்கு தன்னை நோக்கி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைத் தேடி ஒரு உயிர் இவ்வளவு பாடுபட்டு வருவதை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அனுபவித்தாள். தோளில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு உதிர்ந்தது. பிறகு ஒரு மிளகளவு வெயில் உள்ளே வந்து எதிர்ச்சுவரில் விழுந்தது.

அதன் பின்னால் ஒரு மெல்லிய, ஈரமான துதிக்கை நுழைந்தது. காற்றில் துழாவி, அவள் காதுக்குப் பின்னால் ஒரு தடவை தொட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து, திரும்பிப் போய்விட்டது. வலிக்கவில்லை. என்ன போயிற்று என்று அவள் தேடிப் பார்த்தாள். கொட்டாவி விட்டுப் பார்த்தாள், வந்தது. இஞ்ஞாசியின் முகத்தை நினைத்துப் பார்த்தாள், இருந்தது. வீட்டுக்குள் மட்டும், வேறு யாரும் இல்லாதபோது, அவன் அவளை ஒரு செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அந்தப் பெயரைத் தேடினாள். உதட்டைக் குவித்துப் பார்த்தாள், பல்லில் நாக்கை வைத்துப் பார்த்தாள். அது போயிருந்தது. உலகத்தில் அவன் ஒருவன் அறிந்து, அவன் போன பிறகு அவள் ஒருத்தி அறிந்திருந்த பெயர் அது.

சரி, விலை கொடுத்தாகிவிட்டது. அவள் எழுந்து வெளியே போய்ப் பார்த்தாள். வெளியே அகலம், உள்ளே சின்னது. வஸ்தியான் எத்தனை தடவை விரலை வைத்துச் சுற்றினாலும் குறை சொல்ல முடியாத துளை. நத்தை பாதிச் சுவர் இறங்கியிருந்தது. மேலே கழியில் ஊர் நூல் அதிர்ந்துகொண்டிருந்தது. இப்போது பிலோமினைக் கூப்பிட்டால் போதும், கழியைப் பிடுங்கிவிட்டு நூலை இறக்கி இந்தத் துளையில் விட்டுவிடுவார்கள், புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் திருநாளுக்குப் போயிருப்பது ஊருக்கே தெரியும், உள்ளே இருந்தது யார் என்று ஒருவரும் கேட்க வேண்டியதில்லை. ஊரே அவளைத் திரும்பிப் பார்க்கும். பிலோமின் இழுத்தால் அவள் இழுக்கலாம்.

கூப்பிட வாயைத் திறந்தவளுக்கு, அந்தச் சட்டம் நினைவுக்கு வந்தது. துளை விழும்போது உள்ளே இருந்தவர்கள்தான் வீட்டு ஆட்கள். வீடு என்னுடையதுதான், நீங்களும் இருங்கள் என்று அவளே சொல்லிப் பார்க்கலாம். லீபன்ஸ் இருக்கமாட்டான், சொந்த வீடு என்று வந்தவன் இன்னொருத்தி வீட்டில் ஒண்டியிருப்பானா? ஜெனோவா அவளை அப்போது நன்றாகப் பார்ப்பாள், பார்த்து, வெட்கப்பட்டு, "வர்றோம்க்கா, எதையும் மனசுல வச்சுக்காதீங்க," என்று ரொம்ப மரியாதையாகச் சொல்வாள். பிறகு கட்டிலும் மிக்ஸியும் மாதா படமும் வண்டியில் ஏறிவிடும். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சலேத்துக்குத் தெரியவில்லை. முந்தாநாள் தட்டைத் தானே கீழே போட்டுத் தானே கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது, அவள் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே போய், வெள்ளையடித்து மிச்சமிருந்த சுண்ணாம்பைத் தகர டப்பாவில் குழைத்துக்கொண்டு வந்தாள். பட்டப்பகல். பக்கத்து வாசலில் பிலோமின் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே சலேத் சுண்ணாம்பை விரலில் எடுத்துத் துளையில் வைத்து அழுத்தினாள், இன்னும் கொஞ்சம் எடுத்து அழுத்தினாள், உள்ளங்கையால் தடவிச் சமமாக்கினாள், முந்தானையால் நத்தைத் தடத்தைத் துடைத்தாள். நத்தையை எடுத்துக்கொண்டு போய்க் கடலோரத்து ஈரமணலில் விட்டுவிட்டு வந்தாள். இல்லாதவள் என்பதால் அவள் செய்ததும் யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஒரு நாள் அது வசதியாகவே போயிற்று.

"என்ன வெயிலு, மனுசர கொல்லுது," என்றாள் பிலோமின், தனக்குத்தானே.

ஆமாக்கா என்று சலேத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் மினி பஸ் வந்தது. லீபன்ஸ் பையைக்கூட இறக்கி வைக்காமல் முதலில் சுவரைத்தான் சுற்றிப் பார்த்தான். வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பு அதற்குள் காய்ந்திருந்தது. "இன்னும் வரல," என்றான்.

"வீட்டுல ஆளே இல்லாம எதத் தேடி வரும்?" என்றாள் ஜெனோவா. "இனிமே வரும், வாங்க."

அவள் கொலுசு உள்ளே வந்தது. மாதா படத்துக்குப் புதுப் பூவைப் போட்டாள், கொண்டுவந்த பலகாரத்தை எறும்பு ஏறாமல் உயரத்தில் வைத்தாள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள். சுவரோரம் தரையில் சுண்ணாம்புப் பொடி சிந்திக் கிடந்ததைப் பார்த்து, "ரெண்டு நாள் ஆளு இல்லன்னா வீடு என்னமா ஆயிடுது பாருங்க," என்று கணவனிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே, மூலையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். சலேத் உட்கார்ந்திருந்த இடம் வந்ததும் விளக்குமாறு அவள் பாதத்தில் இடித்து நின்றது. சலேத் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள். ஜெனோவா அடியில் நன்றாகக் கூட்டிவிட்டு அந்தப் பக்கம் போனாள், சலேத் கால்களைக் கீழே வைத்தாள்.